கேளுங்க, சொல்றேன்: சிங்கம் பாக்கப் போற நம்ம ஆளுங்களுக்கு

போன இதழ்ல கென்யாவுல கெரிச்சோ பக்கம் தேயிலை ஃபெக்டரியில நான் டீமேக்கரா இருந்த காலத்தப் பத்தி எழுதியிருந்தேன். அதுல லீவு கெடச்சப்ப மசாய் மாராவுக்குப் போய் வந்தது நாலே வரிதான், ஆனா வந்து குமிஞ்ச கேள்வியில முக்காவாசி அந்த நாலு வரியப் பத்தித்தான். சந்தோசமா இருக்கு. அதனால பென்சன், ஈபிஎஃப் விசயம் கேட்டவங்க மன்னிச்சுக்கங்க, அதெல்லாம் அடுத்த மாசம், இந்தத் தடவ முழுக்க சஃபாரிதான்.

கேள்வி: அண்ணே, மகன் தோஹாவுல வேலை செய்றான். ஆகஸ்ட்ல லீவு எடுத்து என்னையும் அவங்க அப்பாவையும் கென்யாவுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நிக்கிறான். ஒரு ஏஜென்ட் 7 நாள்ல மசாய் மாரா, நக்குரு, அம்போசெலி, அப்பறம் தன்சானியா பக்கம் செரெங்கெட்டி, இங்கொரொங்கொரோ அஞ்சையும் காட்டுறேன்னு சொல்றாராம். வாழ்க்கை பூரா மலையில கொழுந்து எடுத்தவ நான், முழங்கால் வலி இருக்கு. என்னால போய்ட்டு வர முடியுமா? (ஹட்டன் வாசகி)

தாராளமா போய்ட்டு வரலாம்மா. ஆனா அந்த ஏஜென்ட் போட்டுக் குடுத்த பிளான்ல போகாதீங்க. நைரோபியிலருந்து மாராவுக்கு மட்டும் அஞ்சாறு மணித்தியாலம் ஓடணும். மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டுன காடுதான், மிருகம் இஷ்டத்துக்கு அங்கயும் இங்கயும் போகும், ஆனா சுற்றுலா வந்தவங்க காட்டுக்குள்ளால எல்லை தாண்ட முடியாது, வெளிய வந்து இசெபானியா பக்கமா சுத்தி, ரெண்டு நாட்டு இமிகிரேசன்லயும் வரிசையில நின்னு போகணும், அதுக்கே ஒரு பகல் போயிரும். ஏழு நாள்ல அஞ்சு காடுன்னா பாதி நாள் ரோட்டுலதான் கழியும், முழங்கால் வலிக்காரங்களுக்கு அது சரிப்படாது.

மகன்கிட்ட சொல்லுங்க, ரெண்டே ரெண்டு எடம் போதும். மாராவுல மூணு ராத்திரி, அம்போசெலியில ரெண்டு ராத்திரி. காசு கொஞ்சம் கூடப் போட முடிஞ்சா நைரோபி வில்சன் ஏர்போர்ட்லருந்து மாராவுக்குச் சின்ன பிளேன் இருக்கு, முக்கால் மணித்தியாலத்துல எறக்கி விட்டுருவாங்க, ஆனா ஒருத்தருக்கு 15 கிலோதான், அதுவும் சூட்கேஸ் இல்லாம துணிப் பையில. ஜீப்புல ஏறுற படி உயரமா இருக்கும், ஏறி எறங்க ஒரு சின்ன முக்காலி வைங்கன்னு முந்தியே கேட்டு வச்சுக்கங்க. நீங்க நடு சீட்டுல உக்காருங்க, பின் சீட்டுலதான் குலுக்கம் ஜாஸ்தி.

காசு விசயத்த ஒளிக்காம சொல்லிடுறேன். 2024லருந்து மாராவுல வெளிநாட்டுப் பெரியவங்களுக்கு ஒரு நாள் கேட் காசு ஜனவரிலருந்து ஜூன் வரைக்கும் 100 டொலர், ஜூலைலருந்து டிசம்பர் வரைக்கும் 200 டொலர். மூணு பேர் மூணு நாள்னா ஆகஸ்ட்ல கேட்டுக்கு மட்டுமே 1,800 டொலர், டொலர் 300 ரூபான்னு வச்சாக்கூட 5 லட்சத்து 40 ஆயிரம். ஏஜென்ட் சொன்ன மொத்தத் தொகையில இது அடங்குதா இல்லையான்னு எழுத்துல வாங்குங்க. வாய்ப்பேச்சு வேணாம்.

ஆகஸ்ட்லதான் போகணுமான்னும் ஒரு தடவ யோசிங்க. அந்த மாசத்துக்கு அவ்வளவு கேள்வி இருக்குறது வில்டபீஸ்ட்ங்கிற, மாடு மாதிரி இருக்கிற பெரிய மான் மந்தைக்காக. 10 லட்சத்துக்கும் மேல வில்டபீஸ்ட், அதோட லட்சக்கணக்குல வரிக்குதிரை, மழையும் புல்லும் எங்கயோ அங்க தேடி வருசம் பூரா ஒரு பெரிய வட்டத்துல சுத்திக்கிட்டே இருக்கும். ஜனவரிலருந்து மார்ச் வரைக்கும் செரெங்கெட்டிக்குத் தெக்க குட்டி போடுற காலம், அப்பறம் வடமேக்க நகந்து, ஜூலைலருந்து ஒக்டோபர் வரைக்கும் மாரா ஆத்துப் பக்கம் நிக்கும். அந்த ஆத்தத் தாண்டுறதத்தான் டிவியில காட்டுவாங்க. நேர்ல அது எப்பிடின்னா, மந்தை கரைக்கு வரும், முன்னால நிக்கிறது தண்ணிய மோந்து பாக்கும், ஒரு கால எடுத்து வைக்கும், என்னத்தையோ கண்டு மெரண்டு திரும்பி ஓடும், பின்னால உள்ளது எல்லாம் புழுதியக் கெளப்பிக்கிட்டு அதோட ஓடும், அர மணி கழிச்சு மறுபடி வரும், இப்பிடியே காலையிலருந்து அந்தி வரைக்கும் நடந்து கடைசில தாண்டாமலே போற நாளும் இருக்கு. நான் அப்பிடி ஒரு நாள் முழுக்க கரையில இருந்தேன். தாண்டல. ஆனா முதலை ஒண்ணு மண்திட்டுல கண்ணு மட்டும் தெரியுற மாதிரி கெடந்ததும், வில்டபீஸ்ட் தாய் ஒண்ணு மந்தைக்குள்ள தொலஞ்ச குட்டியக் கூப்புட்டுக் கூப்புட்டு அலஞ்சு கடைசில மோந்து பாத்துக் கண்டுபுடிச்சதும் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. ஆத்தத் தாண்டுறதப் பாத்தாத்தான் போன காசு செல்லும்னு நெனச்சுப் போகாதீங்க. சிங்கம், ஆனை, ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை எல்லாம் பன்னெண்டு மாசமும் மாராவுல இருக்கும். ஜூன்ல போனா கேட் காசும் பாதி.

அம்போசெலிய நான் விடாம சொல்றதுக்குக் காரணம் ஆனை. சிந்தியா மொஸ்ங்கிற அம்மா 1972ல அங்க ஆரம்பிச்ச ஆராய்ச்சி இன்னைக்கும் நடக்குது, ஒவ்வொரு ஆனைக்கும் பேர் வச்சு, எது யாரோட மக, யாரோட பேத்தின்னு குடும்பம் குடும்பமா எழுதி வச்சிருக்காங்க. பிறந்ததுலருந்து ஜீப்பப் பாத்துப் பழகுனதால பக்கத்துலயே நிண்டு மேயும். நல்லா கவனிச்சுப் பாருங்க, சும்மா புல்லப் புடுங்கித் திங்காது. முன்னங்கால் நகத்தால வேரோட ஒதச்சுப் பேத்து, தும்பிக்கையில சேத்துப் புடிச்சு, முழங்கால்ல ரெண்டு தட்டு தட்டி மண்ண உதுத்துட்டுத்தான் வாயில வைக்கும். மட்டக் கொழுந்து எடுக்குற கை போற மாதிரியே ஒரு வேகம், ஒரு கணக்கு, உங்களுக்கு அது சட்டுன்னு புரியும். கிளிமஞ்சாரோ மலை தன்சானியாவுலதான் இருக்கு, 5,895 மீட்டர், ஆனா அழகாத் தெரியுறது அம்போசெலியிலருந்துதான், அதுவும் காலங்காத்தாலயும் அந்தியிலயும். பத்து மணியானா மேகம் மூடிரும். காட்டு நடுவுல உள்ள சதுப்புக்குத் தண்ணி வர்றதும் அந்த மலையிலருந்து நெலத்துக்கு அடியாலதான்.

கேள்வி: ஊசி போடணும்னு சொல்றாங்க, மலேரியா மாத்திரைன்னு சொல்றாங்க, எது உண்மை? ரெண்டுக்கும் எங்க போகணும்? (பதுளை)

ரெண்டும் உண்மை. ஊசி மஞ்சள் காய்ச்சலுக்கு. மஞ்சள் காமாலைன்னு நெனச்சுக்காதீங்க, இது நுளம்பால வர்ற வேற நோய். கென்யா மாதிரி அந்த நோய் உள்ள நாட்டுக்குப் போய்ட்டுத் திரும்பி வரும்போது நம்ம கட்டுநாயக்காவுலயே ஊசிக் கார்ட்டக் கேக்குறதுக்கு சட்டம் இருக்கு. போட்டு 10 நாள் கழிச்சுத்தான் கார்ட் செல்லும், அதனால கடைசி வாரத்துல ஓடாதீங்க. ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும். கொழும்பு பொரளையில இருக்கிற எம்.ஆர்.ஐ.யில, அதாவது மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துல போடுவாங்க, பாஸ்போட் கொண்டு போகணும். 60 வயசுக்கு மேல உள்ளவங்க, முட்ட ஒத்துக்காதவங்க, கர்ப்பிணிகள் முந்தியே டொக்டர்கிட்ட கதைக்கணும், ஏன்னா இது உயிருள்ள கிருமிய பலவீனப்படுத்திச் செய்ற ஊசி. ஹட்டன் அம்மாவும் இதக் கட்டாயம் வாசிங்க.

மலேரியாவப் பத்திக் கொஞ்சம் கூடவே சொல்லணும். நம்ம நாட்டுல உள்ளுக்குள்ளயே ஒருத்தர்ட்டருந்து ஒருத்தருக்குப் பரவுன மலேரியா கடைசியா வந்தது 2012ல. 2016 செப்டம்பர்ல உலக சுகாதார நிறுவனம் இலங்கைய மலேரியா இல்லாத நாடுன்னு அறிவிச்சுச்சு. நம்ம தாத்தா பாட்டி காலத்துல எத்தனை உயிரக் கொண்டு போன நோய் அது, சும்மா வந்த பேர் இல்ல. ஆனா பரப்புற நுளம்பு இன்னும் இங்கதான் இருக்கு. நீங்க ஒடம்புல கொண்டு வந்தா அது மறுபடி எடுத்துக் குடுத்துரும். அதனாலதான் மலேரியா தடை இயக்கம் வெளிநாடு போறவங்களுக்கு மாத்திரைய இலவசமாவே குடுக்குது, நாரஹேன்பிட்டியில தலைமை ஒபிஸ், மாவட்டங்கள்லயும் பிராந்திய ஒபிஸ் இருக்கு, உங்க பக்கத்து ஆஸ்பத்திரியில கேட்டா வழி சொல்லுவாங்க. போக முந்தியே ஆரம்பிச்சு, அங்க இருக்கிற நாளெல்லாம் குடிச்சு, ஊருக்கு வந்தப்பறமும் டொக்டர் சொன்ன நாள் வரைக்கும் விடாமக் குடிக்கணும். வந்து இறங்கியாச்சே, இனி என்னத்துக்குன்னு நிறுத்திடாதீங்க.

வந்து மாசக்கணக்கானாலும் காய்ச்சல் வந்தா டொக்டர்கிட்ட மொத வார்த்தையே ஆபிரிக்கா போய்ட்டு வந்தேன்னு சொல்லுங்க. சொல்லாட்டி அவர் டெங்குன்னுதான் நெனப்பார், இப்ப நம்ம டொக்டர்மார் நிறைய பேர் மலேரியா நோயாளியக் கண்டதே இல்ல.

கேள்வி: ஆபிரிக்கான்னா ஒரே வெயில்தானே, ஸ்வெட்டர் எதுக்கு? (நுவரெலியா)

கட்டாயம் கொண்டு போங்க. நுவரெலியா 1,868 மீட்டர், நைரோபி கிட்டத்தட்ட 1,800 மீட்டர், கணக்கு அவ்வளவுதான். ஜூலை ஆகஸ்ட்தான் அங்க குளிர் காலம். சஃபாரி ஜீப் விடியக் காலை 6 மணிக்குக் கூரையத் தொறந்துக்கிட்டு கெளம்பும், காத்து காதுக்குள்ள அறையும். தன்சானியாவுல இங்கொரொங்கொரோ பள்ளத்துக்கு மேல விளிம்புல லொட்ஜ் எடுத்தா அது 2,300 மீட்டர் சுமார், ஹோர்டன் சமவெளியில ராத்திரி நிக்கிறதா நெனச்சுக்கங்க. கடும் நீலமும் கறுப்பும் வேணாம், தன்சானியா பக்கம் செட்சி ஈ அந்த நெறத்துக்குத்தான் ஓடி வரும், கடிச்சா நல்லா வலிக்கும். ஆமிக்காரங்க உடுக்குற மாதிரி புள்ளி போட்ட உடுப்பு பல ஆபிரிக்க நாட்டுல குத்தம், இங்க மாதிரியே. அதையும் எடுத்துட்டுப் போகாதீங்க.

கேள்வி: ஆபிரிக்கா போனா சிறுத்தைப்புலி கண்டிப்பா பாக்கலாமா? கூட்டாளி ஒருத்தன் நாலு நாள் சுத்தியும் காணலயாம், டிரைவர் சரியில்லைன்னு திட்டிக்கிட்டு வந்தான். (மாத்தளை)

டிரைவர் மேல பிழை இல்ல தம்பி. சிறுத்தைப்புலி பாக்கணும்னா உங்க கூட்டாளி யாலவுக்குத்தான் போயிருக்கணும். நம்ம நாட்டுல அதுக்கு மேல பெரிய வேட்ட மிருகம் கெடையாது, அதனால பட்டப்பகல்ல ரோட்டு நடுவுலயே படுத்துக் கெடக்கும். ஆபிரிக்காவுல சிங்கம் இருக்கு, கழுதைப்புலி கூட்டம் இருக்கு, கஷ்டப்பட்டு அடிச்ச எரைய அதுங்க வந்து பறிச்சுரும், குட்டியக் கொன்னுரும். அதனால அங்க சிறுத்தைப்புலி ஒளிஞ்சு ஒளிஞ்சு வாழும், அடிச்ச மானத் தூக்கிக்கிட்டு மரத்துக்கு மேல ஏறிரும். அங்க போனா நம்ம நாட்டுல இல்லாததத் தேடுங்க. சிங்கம் ஒரு நாளைக்கு 20 மணித்தியாலம் வரைக்கும் படுத்தே கெடக்கும், அதுக்குப் பக்கத்துல பொறுமையா இருந்தாத்தான் குட்டி தகப்பன் வாலக் கடிக்கிறதெல்லாம் காணலாம். அப்பறம் சீட்டா, சிறுத்தைப்புலி மாதிரியே புள்ளி இருக்கும், ஆனா ஒல்லியா வேகமா ஓடுற வேற மிருகம்.

சீட்டாவப் பத்தி எழுத ஆரம்பிச்சா எனக்கு மனசு கேக்காது. அது பகல்ல வேட்டையாடுற மிருகம், அதனால ஜீப்புக்காரங்க கண்ணுல ஈசியா மாட்டும். ஒருத்தர் கண்டா ரேடியோவுல சொல்லுவார், பத்து நிமிசத்துல சுத்தி வர ஜீப் நிக்கும். அது மானப் பாத்துப் பதுங்கி நகரும்போது நடுவுல ஒரு வேன் வந்து நின்னா முடிஞ்சுச்சு, மான் ஓடிரும், குட்டிங்க பட்டினி. மாராவுல நடந்து 2018ல வெளிவந்த ஒரு ஆய்வுல, வாகனம் குறைவா வர்ற பகுதியில ஒரு ஈத்துக்குச் சராசரி ரெண்டுக்கு மேல குட்டி பொழச்சு வளந்திருக்கு, வாகனம் நெரியுற பகுதியில சராசரி ஒண்ணுகூட வரல. அஞ்சு ஈத்துக்கு ஒரு குட்டிங்கிற கணக்குதான். ஒரு மிருகத்துக்கிட்ட அஞ்சு வாகனத்துக்கு மேல நிக்கக் கூடாதுன்னு அங்க விதி இருக்கு, ஆனா ஜீப்புல உக்காந்திருக்கிறவங்க இன்னும் கிட்டப் போ கிட்டப் போன்னு நெருக்குனா டிரைவர் என்ன செய்வார், டிப்ஸ் போயிருமேன்னு பயந்து விதிய மீறுவார். அதனால நீங்களே சொல்லுங்க, தூர நிப்பாட்டுங்க, எங்களுக்கு அவசரம் இல்லன்னு. அந்த ஒரு வார்த்தையில அந்த டிரைவர் முகம் மாறுறத நான் கண்ணால கண்டிருக்கேன், அப்பறம் அவர் காட்டுற காடே வேற.

கூட்டமே வேணாம்னா மாராவச் சுத்தி கன்சவன்சின்னு சொல்ற காடுகள் இருக்கு, மாரா நோர்த், ஒலாரே மொடோரோகி, நபோயிஷோ மாதிரி. அது மசாய் ஆளுங்க பேர்ல உள்ள சொந்த நெலம், அவங்க வேலி போடாம, மிருகத்துக்கு விட்டுக் குடுத்து, லொட்ஜ்காரங்கட்டருந்து மாசா மாசம் குத்தகை வாங்குறாங்க. செலவு கூடத்தான், ஆனா வாகனம் கொஞ்சம்தான், நடந்து போகலாம், ராத்திரியிலயும் போகலாம். நெலம் நம்ம பேர்ல இருக்கிறதுன்னா என்னன்னு லயத்துல பொறந்து வளந்த நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல, அதனால அந்த ஏற்பாட்டப் பாத்தப்ப எனக்கு உண்மையிலயே பெரிய மரியாதை வந்துச்சு.

கேள்வி: நாங்க நாலு நண்பர்கள். தென்னாபிரிக்கா குரூகர்ல நாமளே கார் ஓட்டிக்கிட்டு போகலாமாமே? (பண்டாரவளை)

போகலாம். அங்கயும் இடது பக்கம்தான் ஓட்டணும், அதனால கை பழகத் தேவையில்ல. இன்டர்நேசனல் டிரைவிங் பேர்மிட் இங்கயே எடுத்துக்கங்க, விசா முந்தியே போடணும். காடு 20,000 சதுர கிலோமீட்டருக்குக் கிட்ட, நம்ம நாட்டுல மூணுல ஒரு பங்கு பரப்பு, அதனால ஒரே தடவையில மேல இருந்து கீழ வரைக்கும் ஓடிப் பாக்கலாம்னு கனவு காணாதீங்க. ஸ்கூகூசா, லோவர் சாபி, சட்டாரா, இந்த மூணு கேம்பையும் சுத்தியே நாலு நாள் போதும். கேம்புக்கு வேலி இருக்கு, கடை இருக்கு, சமைக்க அடுப்பும் இருக்கு. ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் வறட்சி, புல் கட்டையா இருக்கும், மிருகம் தண்ணிக்கு வந்தே ஆகணும், நுளம்பும் குறைவு. ரூம் மாசக்கணக்கா முந்தியே புக் பண்ணாட்டி கெடைக்காது.

தார் ரோட்டுல 50, மண் ரோட்டுல 40 கிலோமீட்டர் வேகம், ஆனா மிருகம் பாக்கணும்னா 25லதான் போகணும். குறிச்சு வச்ச எடத்தத் தவிர வேற எங்கயும் கதவத் தொறந்து எறங்கக் கூடாது, ஃபோட்டோவுக்குக்கூட. கேட் மூடுற நேரம் மாசத்துக்கு மாசம் மாறும், லேட்டானா தண்டம். ஆனை ரோட்டுல நின்னா ஹோர்ன் அடிக்காதீங்க, கன்னத்துல எண்ண வழியுற மாதிரி ஈரம் தெரிஞ்சா அது மதத்துல இருக்கு, தூரத்துலயே நின்னு, வந்த வழியே மெதுவா ரிவர்ஸ் எடுங்க. கார்ல பாட்டு வேணாம் தம்பிமாரே. எஞ்சின நிப்பாட்டிட்டு ஒரு தண்ணிக் குட்டை ஓரமா ஒரு மணித்தியாலம் சும்மா இருங்க, நாலு பேர் ஓடித் தேடுறத விட நெறைய வரும்.

கேள்வி: கேக்கக் கூச்சமா இருக்கு, ஆனாலும் கேக்குறேன். ஜீப்புல அஞ்சாறு மணித்தியாலம்னா பொம்பளைங்க பாத்ரூமுக்கு என்ன செய்றது? (மஸ்கெலியா ஆசிரியை)

கூச்சப்படவே வேணாம் டீச்சர், எல்லாருக்கும் உதவுற கேள்வி. குரூகர்ல ஓய்வு எடங்கள்ல சுத்தமான டொய்லட் இருக்கு. மாரா பக்கம் கேட்லயும் லொட்ஜ்லயும்தான், நடுவுல அவசரம்னா டிரைவர்கிட்ட சொல்லிருங்க, அவர் புல் கட்டையா, நாலாபக்கமும் தெரியுற எடமாப் பாத்து நிப்பாட்டி, சுத்திப் பாத்துட்டுத்தான் எறங்கச் சொல்லுவார். ஜீப்ப விட்டுத் தள்ளிப் போகாதீங்க, பத்தைப் பக்கம் கூடவே கூடாது. இதுக்காகத் தண்ணி குடிக்காம மட்டும் இருக்காதீங்க, அந்த வெயில்ல தலை சுத்தி விழுந்துருவீங்க.

கேள்வி: கென்யாவுல ரயில்ல போகும்போதே ஆனை பாக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். நம்புறதா? (ஹப்புத்தளை)

நம்பலாம். 2017ல தொறந்த புது ரயில் நைரோபிக்கும் மொம்பாசாவுக்கும் நடுவுல சாவோ காட்டக் கிழிச்சுக்கிட்டுத்தான் போகுது. தண்டவாளம் உயரமான மேட்டு மேல, கீழால மிருகம் போக வழி விட்டிருக்காங்க. சாவோ மண் செகப்பு, அதப் பூசிக்கிட்டு நிக்கிற ஆனையும் செங்கல் நெறத்துல இருக்கும், ஜன்னல் ஓரமா உக்காந்தா காணலாம். வாய்ங்கிற ஸ்டேசன்ல எறங்குனா சாவோ கிழக்குக் காட்டு கேட் கிட்டத்தான், மாராவ விடச் செலவும் கொறையும்.

ஆனா அந்தப் பழைய ரயில் பாதையோட கதையத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. 1896ல மொம்பாசாவுலருந்து வெள்ளக்காரன் போட ஆரம்பிச்சு 1901ல விக்டோரியா ஏரிக்குக் கொண்டு சேத்த பாதை அது. வேலைக்கு இந்தியாவுலருந்து கப்பல்ல ஏத்திட்டு வந்தது 32,000 பேர் சுமார், அதுல ஏறக்குறைய 2,500 பேர் வேலையிலயே செத்துப் போனாங்க. 1898ல சாவோ ஆத்துப் பாலம் கட்டும்போது ரெண்டு சிங்கம் ராத்திரி ராத்திரியா கூடாரத்துக்குள்ள வந்து ஆளுங்கள இழுத்துட்டுப் போச்சு, வேலையே நின்னு போச்சு. அந்த ரெண்டு சிங்கமும் பாடம் பண்ணி சிக்காகோ மியூசியத்துல இருக்கு, எல்லாரும் சிங்கத்தப் பத்தித்தான் கதைப்பாங்க. செத்த தொழிலாளிங்களோட பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? நானுஓயாவுக்கு 1885லயும் பதுளைக்கு 1924லயும் ரயில் வந்து சேந்ததும் கூலிக்கு வந்தவங்க கையாலதான். சாவோ பாலத்தத் தாண்டும்போது எனக்கு ஆனை ஞாபகம் வரல, அவங்க ஞாபகம்தான் வந்துச்சு.

கேள்வி: அவ்வளவு சல்லிக்கு எங்க போறது? ரெண்டு நாள் லீவுல, பிள்ளைங்களோட இங்கயே பாக்க வழி சொல்லுங்க. (தலவாக்கலை)

இருக்கு, நெறையவே இருக்கு. ஆகஸ்ட் செப்டம்பர்ல மின்னேரியா போங்க, குளத்துத் தண்ணி வத்தி புல் மொளைக்கிற நேரம் ஆனைங்க நூத்துக்கணக்குல கூடும், ஆசியாவுல வேற எங்கயும் இப்பிடி இல்லன்னு வெளிநாட்டுக்காரங்க தேடி வர்றாங்க. உடவளவையில வருசம் பூரா ஆனை நிச்சயம், பக்கத்துலயே 1995லருந்து தாய இழந்த ஆனைக்குட்டிங்கள வளத்து மறுபடி காட்டுக்கு விடுற எடம் இருக்கு, பால் குடுக்குற நேரம் கேட்டுட்டுப் போங்க, பிள்ளைங்க மறக்காது. ஹோர்டன் சமவெளி நம்ம வீட்டு வாசல்ல இருக்கு, வெள்ளனையே போனா பனிக்குள்ள மரை நிக்கும். அதுக்குத் திங்க ஒண்ணும் குடுக்காதீங்க, பொலித்தீன் வயித்துல போய்ச் செத்த மரைங்க இருக்கு.

இன்னொண்ணு. நம்ம தோட்டத்துக் காட்டு ஓரங்கள்லயே சிறுத்தைப்புலி நடமாடுது, அது உங்களுக்குத் தெரியும். 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் கருஞ்சிறுத்தை ஒண்ணு கம்பிச் சுருக்குல மாட்டி, உடவளவைக்குக் கொண்டு போயும் மூணு நாள்ல செத்துப் போச்சு. பன்னிக்குன்னு பிரேக் கம்பியில கட்டுற சுருக்கு, மாட்டுனது யாருன்னு பாக்காது, கழுத்துல இடுப்புல இறுகும், திமிறத் திமிற உள்ள வெட்டும். லட்சக்கணக்குல செலவழிச்சு ஆபிரிக்காவுல போய்ப் பாக்குற மிருகத்த நம்ம மரக்கறித் தோட்டத்து ஓரத்துல இப்பிடிச் சாக விடுறது எனக்குத் தாங்க முடியல. சுருக்கு கண்டா தோட்ட நிர்வாகத்துக்குச் சொல்லுங்க, மிருகம் மாட்டியிருந்தா கிட்டப் போகாம, கூட்டம் சேர விடாம, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992க்கு அடிங்க, தோட்டம், டிவிசன், கிட்ட இருக்கிற கோயில் எதுன்னு தெளிவாச் சொல்லுங்க.

கேள்வி: மரக்கறி மட்டும் சாப்பிடுறவங்க சமாளிக்கலாமா? சம்பல், பருப்புப் பொடி கட்டிட்டுப் போகவா? (இராகலை)

சமாளிக்கலாம். கென்யாவுல சப்பாத்தியும் சமோசாவும் ஊர்ச் சாப்பாடு மாதிரியே ஆகிருச்சு, சோள மாவுல கிண்டுற உகாலி, கீரை வதக்குன சுகுமா விக்கி எல்லாம் நமக்கு ஒத்துப் போகும். பால் ஊத்திக் காய்ச்சுன டீ எங்கயும் கெடைக்கும். பொடி கட்டுறதா இருந்தா டின்லயோ போத்தல்லயோ கட்டுங்க, ஷொப்பிங் பேக்ல சுத்தாதீங்க, கென்யாவுல 2017லருந்தும் தன்சானியாவுல 2019லருந்தும் பொலித்தீன் பை தடை, ஏர்போர்ட்லயே வாங்கி வச்சுக்குவாங்க. 2020லருந்து கென்யா காடுகளுக்குள்ள ஒரு தடவ பாவிச்சு வீசுற பிளாஸ்டிக் தண்ணிப் போத்தலும் கொண்டு போக ஏலாது, ஆளுக்கொரு ஸ்டீல் போத்தல் எடுத்துக்கங்க. லொட்ஜ்ல நிரப்பித் தருவாங்க.